ஸ்பிரிண்ட் நடுவில் வரும் ‘அவசர’ வேலைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது ஆறு பேர் கொண்ட சின்ன மென்பொருள் குழு. இரண்டு பேர் கல்முனையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். லண்டன் வாடிக்கையாளர் ஒருவருக்குக் கடைச் சரக்குக் கணக்குப் பார்க்கும் செயலி செய்கிறோம். வேலையைச் சிறு காலக்கூறுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறை; ஸ்பிரிண்ட் எனப்படும் அந்தக் காலக்கூறு எங்களுக்கு இரண்டு வாரம்.

திங்கட்கிழமை கூடி வேலைகளைப் பிரித்துக்கொள்கிறோம். புதன்கிழமைக்குள் வாடிக்கையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்துவிடும்: “இதை மட்டும் அவசரமாகச் செய்து தாருங்கள்.” அதுவும் குழுவில் யாராவது ஒருவருக்கு நேரடியாக. தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது, சோதித்துப் பார்க்க நேரமே மிஞ்சுவதில்லை. குழுவில் உள்ள பிள்ளைகள் நன்றாகச் சோர்ந்துவிட்டார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஸ்பிரிண்டின் இலக்கைக் குலைக்கும் மாற்றம் கூடாது, ஆனால் வேலையின் அளவை ப்ராடக்ட் ஓனருடன் (எந்த வேலை முதலில் என்று முடிவு சொல்பவர்) பேசி மாற்றலாம் என்கிறது ஸ்க்ரம் வழிகாட்டி. சரி, அந்த ப்ராடக்ட் ஓனர் யார்? வாடிக்கையாளர் பக்கத்தில் மூன்று பேர் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஸ்பிரிண்டை ஒரு வாரமாக்கினால் சரிவருமா? அல்லது ஸ்பிரிண்ட் இல்லாமல் வேலைகளைத் தொடர்ச்சியாக எடுத்துச் செய்யும் கன்பான் முறைக்கு மாறி, ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு வரம்பு போடுவதா? முடிவு சொல்ல ஒரே ஆளை நியமியுங்கள் என்று வாடிக்கையாளரிடம் மனம் நோகாமல் கேட்டுச் சாதித்தவர்கள் இருந்தால், என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் என்றால் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பேசவும் தயார். அக்கரைப்பற்று என்றாலும் வருவேன்.