கறி முயல் வளர்ப்பவர்களே, முதல் ஈத்தில் என்ன பார்த்தீர்கள்?

வீட்டில் கறிக்காக முயல் வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் கூண்டு எத்தனை அடி, தீவனம் எத்தனை கிராம் என்றுதான். இரண்டுக்கும் பதில் எளிது. குட்டி போட்ட பிறகு வரும் மூன்று வாரத்தைப் பற்றி முன்கூட்டியே யாரும் கேட்பதில்லை. பலர் மனம் வெறுத்துக் கூண்டைக் காலி செய்வது அங்கேதான். அதனால் உங்கள் கூண்டில் நேரில் பார்த்ததை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நண்பர் ஒருவர் கூப்பிட்டு, "ஆண் முயலுக்கு என்னமோ கோளாறு, சேரவே மாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தால், ஆணைத் தூக்கிப் பெண்ணின் கூண்டில் விட்டிருக்கிறார். அது வந்த வேலையை மறந்துவிட்டு மூலை மூலையாக மோந்து, கம்பியில் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. புது இடம் என்றால் முதலில் தன் வாடையைப் பூசத்தான் பார்க்கும். பெண்ணுக்கோ தன் இடத்தில் ஒருவன் நுழைந்த கோபம். ஆணின் காது ஓரத்தில் ரத்தம் வந்திருந்தது.

இரண்டையும் பிரித்து, சற்று நேரம் கழித்துப் பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோனோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆண் ஒரு முனகலோடு பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தது. நண்பர் பதறிவிட்டார், செத்துப்போச்சு என்று. அப்படி விழுந்தால்தான் சரியாகச் சேர்ந்தது என்று அர்த்தம்.

முயலுக்கு மாடு மாதிரி பருவத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சேர்ந்த பிறகுதான், ஏறத்தாழ 10 மணி நேரத்தில், முட்டை வெளிப்படும். ஆனாலும் எல்லா நாளும் இசையாது. பெண்ணின் பிறப்புறுப்பை மெல்ல விரித்துப் பாருங்கள். வெளிறி இருந்தால் மூலையில் ஒடுங்கிக்கொள்ளும். நல்ல சிவப்பாக இருந்தால் வாலைத் தூக்கிக் கொடுக்கும். நியூசிலாந்து வெள்ளை, கலிஃபோர்னியன் மாதிரி நடுத்தர இனமென்றால் பெண்ணுக்கு 5, 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆணுக்கு இன்னும் ஒரு மாதம் கூடுதலாக விட்டால் நல்லது.

* * *

அண்ணா, உங்கள் நண்பருக்காவது ஆண் எது பெண் எது என்று தெரிந்திருந்தது. எனக்கு "ரெண்டுமே பொட்டை, சண்டை போடாது" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே கூண்டில் வளர்ந்தன. ஒருநாள் காலையில் தண்ணீர் வைக்கப் போனால் கூண்டின் மூலையில் ஒரு கைப்பிடி வெள்ளை முடி, அது மெல்ல அசைகிறது.

குட்டியாக இருக்கும்போது பார்த்துச் சொல்வது பழகியவர்களுக்கே தடுமாற்றம்தான். பிறப்புறுப்பின் ஓரத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தால் ஆணுக்கு வட்டமாக எழும்பும்; பெண்ணுக்கு நீளவாக்கில் கீறல் போல இருக்கும். விதை இறங்குவதெல்லாம் கிட்டத்தட்ட மூன்று மாதத்தில்தான். எனவே வாங்கும்போது சொன்னதை நம்பாமல் வீட்டில் ஒருமுறை, மூன்றாம் மாதம் இன்னொருமுறை பாருங்கள். அந்த வயதில் ஆண்களைத் தனித்தனியாகப் பிரித்தும் ஆக வேண்டும். ஒன்றின் விதையை ஒன்று கடித்துக் குதறிவிடும்.

* * *

நான் வீட்டிலிருந்தபடி வளர்ப்பவள். சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். 28ஆம் நாள் கூண்டுக்குள் குட்டி போடுவதற்கான பெட்டி வைத்துவிடுவேன். தாய் உள்ளே திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாகச் செய்தால் பாதியைப் படுக்கையாகவும் பாதியைக் கக்கூசாகவும் ஆக்கிக்கொள்ளும். அடியில் மரத்தூள், அதன் மேல் காய்ந்த புல்.

ஈனுவதற்கு முன்பு அது செய்யும் வேலையை வாய்ப்பு கிடைத்தால் தள்ளி நின்று பாருங்கள். வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு, இரண்டு பக்கமும் மீசை போல நீட்டிக்கொண்டு, பெட்டிக்கும் தட்டுக்கும் நடக்கும். அப்புறம் தன் வயிற்று முடியையே பிடுங்கிப் பிடுங்கிப் பரப்பும். முலைக்காம்பும் வெளியே தெரியும், குட்டிக்கு மெத்தையும் ஆயிற்று. ஈனுவது பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பயம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். தாய் குட்டிப் பக்கமே போகாது. பகலெல்லாம் கூண்டின் எதிர் மூலையில் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், தாய் தள்ளிவிட்டது" என்று பசும்பாலும் சொட்டுக்குழாயுமாக நின்றாள். தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முயல் நாளைக்கு ஒருதரம், சில சமயம் இரண்டுதரம்தான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று நாலு நிமிடம். மற்ற நேரம் விலகி இருப்பதே காவல்தான். தன் வாடை பிடித்து வேறு மிருகம் பெட்டிக்கு வந்துவிடக் கூடாது என்று. பால் மிகவும் கெட்டியானது, ஒரு வேளையே தாங்கும்.

குடித்ததா என்று பார்க்கக் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பால் தெரியும், வயிறு உருண்டு தோல் விறைப்பாக இருக்கும். பசித்த குட்டிக்குத் தோல் சுருங்கி மடிந்து கிடக்கும், தொட்டால் துள்ளும். இரண்டு நாள் தொடர்ந்து சுருங்கியிருந்தால்தான் தலையிட வேண்டும்.

* * *

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தாய் திடுக்கிட்டு வெளியே குதித்தால், காம்பை விடாத குட்டி அதோடு தொங்கி வந்து கம்பி வலையில் விழும். நாய்போலவோ பூனைபோலவோ முயல் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்ப் பெட்டியில் போடாது. குட்டி பக்கத்திலேயே கிடந்து விறைக்கும், தாய் தீவனம் தின்றுகொண்டிருக்கும். பெட்டியின் முன்பலகை ஒரு சாண் உயரமாவது இருந்தால் தொங்கி வருகிற குட்டி அதில் தட்டி உள்ளேயே விழும்.

அப்படி விழுந்து நீலம் பாரித்துக் கல் மாதிரி கிடந்த ஒன்றை எடுத்தேன். செத்ததென்றுதான் நினைத்தேன். சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு மற்ற வேலையைப் பார்த்தேன். முதலில் ஒரு கால் உதறியது, அப்புறம் வாய் திறந்தது. சூடு ஏற்றிப் பார்க்காமல் எந்தக் குட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். உடம்பு சூடான பிறகும் அசையவில்லை என்றால்தான் முடிந்தது. குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டவும் கூடாது, சூடு வந்த பிறகுதான்.

* * *

இதெல்லாம் சரி, ஆனால் குட்டியைக் கையால் தொடலாமா? மனித வாடை பட்டால் தாய் தின்றுவிடும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். பத்து நாள் பெட்டியைத் திறக்கவே கூடாதாமே.

* * *

தம்பி, அதை நம்பி பெட்டியை மூடி வைத்தவர்கள் வீட்டில் என்ன ஆகும் தெரியுமா? உள்ளே ஒரு குட்டி செத்து அழுகும், கூட இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். தினமும் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். தாய்க்குக் கொஞ்சம் தீவனம் வைத்துத் திசைதிருப்பி, அதன் முதுகைத் தடவிய கையோடு பெட்டியில் விட்டுப் பாருங்கள். எண்ணுங்கள், செத்ததை எடுங்கள், மூடுங்கள். நாளும் தன்னைத் தூக்கிப் பழக்கிய கையை முயல் பொருட்படுத்தாது. அந்த வாடையை அது ஏற்கெனவே அறியும். இரண்டு தாய் ஒரே சமயம் ஈன்றிருந்தால், பன்னிரண்டு போட்டதிடமிருந்து நாலைந்து போட்டதிடம் குட்டியை மாற்றிக்கூட விடலாம். வயது வித்தியாசம் மூன்று நாளுக்குள் இருக்கட்டும்.

தின்னுவது உண்மைதான், ஆனால் காரணம் வேறு. செத்துப் பிறந்ததைச் சுத்தம் செய்வதாகத் தொடங்கி எல்லை தாண்டும். தண்ணீர் இல்லாத இரவு, கூண்டைச் சுற்றி நாய், எலி நடமாட்டம், எட்டிப் பார்க்கும் கூட்டம், இவைதான் முக்கியக் காரணம். முதல் ஈத்தில் ஒன்றிரண்டு போனால் மன்னித்துவிடுங்கள். இரண்டாவதிலும் அதையே செய்தால் அந்தத் தாயை வைத்துக்கொள்வதில் பலனில்லை. கசப்பாக இருக்கலாம், ஆனால் குணம் பார்த்துக் கழிக்காமல் முயல் வளர்க்க முடியாது.

* * *

எல்லோரும் தாயைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஆணைப் பற்றி ஒரு வார்த்தை. கோடை முடிந்ததும் என் பெண் முயல்கள் அத்தனையும் வரிசையாகச் சினை பிடிக்காமல் போயின. ஒன்று புல்லெல்லாம் சேர்த்து, முடி பிடுங்கி, படுக்கை போட்டு, ஒன்றும் ஈனவில்லை. பொய்ச்சினை. சேர்த்து 17, 18 நாளில் இந்தக் கூத்து நடந்தால் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோளாறு ஆணிடம்தான் இருந்தது. 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெயில் அடித்தால் ஆணின் விந்து கெட்டுவிடும், வெயில் தணிந்து இரண்டு மாதம்வரைகூடத் தேறாது. சேர்வதில் எந்தக் குறையும் இருக்காது, அதனால் நமக்குத் தெரியாது. இப்போது இருப்பதிலேயே குளிர்ந்த மூலை ஆணுக்குத்தான். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துக் கூண்டில் படுக்கப் போடுவேன், அதன் மேல் சாய்ந்துகொள்ளும். காதை ஈரத்துணியால் துடைத்தாலும் சூடு இறங்கும். முயலுக்கு வியர்வை கிடையாது, காதுதான் வெப்பத்தை வெளியேற்றும்.

சினை பிடித்ததா என்று அறிய, சேர்த்து 12 நாள் ஆனதும் பெண்ணின் அடிவயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால் கோலிக்குண்டு போல உருண்டைகள் தட்டுப்படும். புழுக்கையையும் அதுவென்று நினைத்துவிடக்கூடும், பழகப் பழகத்தான் வரும். அழுத்த வேண்டாம்.

* * *

குட்டி தாயைப் பிரிந்த பிறகு கழிச்சலில் போவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் சுறுசுறுப்பாக இருக்கும், மறுநாள் வயிறு உப்பி, முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடிக்கும். பல்லைக் கடிப்பது வலியின் அடையாளம். நாலைந்து வாரத்தில் தாயைப் பிரித்த அன்றே தீவனத்தையும் மாற்றினால் இது நிச்சயம் வரும். ஒன்று மாறும்போது மற்றது அப்படியே இருக்கட்டும். காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் கிடக்க வேண்டும், பச்சை கொஞ்சம் கொஞ்சமாக. காக்சிடியா என்ற ஒட்டுண்ணியும் இந்த வயதில்தான் தாக்கும். புழுக்கை கீழே விழுந்துவிடும் கம்பித் தளம் அதற்குப் பாதி மருந்து.

கழிச்சல் என்றதும் வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். அமாக்சிசிலின் வாய்வழியாகப் போனால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து முயலைக் கொன்றுவிடும். மருத்துவரிடமும் இது முயல் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் காலையில் பின்பக்கம் குனிந்து எதையோ தின்றால் பதற வேண்டாம். அது மென்மையான முதல் புழுக்கை. அதைத் தின்றால்தான் அதற்குச் சத்தே சேரும்.

* * *

யாரும் தொடாத விஷயம், வெட்டுவது. 10, 12 வாரத்தில் உயிர் எடை இரண்டு கிலோவைத் தொடும், அதில் பாதிக்குச் சற்று மேல் கறியாகக் கிடைக்கும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே விதி: தாய்க்கும் ஆணுக்கும் பெயர் வைக்கலாம், குட்டிகளுக்குக் கூடாது. ஒருமுறை சின்னவள் ரகசியமாக ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டாள். அது இன்றைக்கும் கூண்டில் இருக்கிறது, தீவனம் தின்கிறது, வேறொரு பயனும் இல்லை.

முதல்முறை பழகியவரை அழைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். தயங்குகிற கைதான் முயலைத் துன்பப்படுத்தும். உள்ளே ஈரலைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் ஈரலை எறிந்துவிட்டு, மீதிக் குட்டிகளுக்கு மருத்துவரிடம் காக்சிடியா மருந்து கேளுங்கள். கறியை அன்றே சமைத்தால் ரப்பராக இருக்கும். ஒரு நாள் குளிரில் வைத்தால் இளகும்.

* * *

ஐயா, ஒரு சந்தேகம். ஈன்ற மறுநாளே தாய் மறுபடி சினை பிடிக்கும் என்கிறார்களே, சேர்க்கலாமா?

* * *

பிடிக்கும், உண்மைதான். பெரிய பண்ணைகளில் அளந்து தீவனம் போட்டு ஈன்ற இரண்டு வாரத்துக்குள்ளேயே சேர்க்கிறார்கள். வீட்டுக்கு அது வேண்டாம். வயிற்றில் ஒரு கூட்டம் குட்டி, மடியில் இன்னொரு கூட்டம் என்றால் தாய் உருகிவிடும், தோள் எலும்பு கையில் தட்டும். குட்டிகளைப் பிரித்து, முதுகைத் தடவினால் எலும்பு உறுத்தாத அளவுக்குச் சதை ஏறிய பிறகு ஆணோடு சேர்த்துவிடுங்கள். பால் கொடுக்கும் நாளில் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேலும் குடிக்கும், தண்ணீர்க் குழாயின் நிப்பிள் அடைத்திருக்கிறதா என்று இரவு படுக்கப் போகுமுன் விரலால் தட்டிப் பாருங்கள்.