தேனீப் பெட்டி செக் பண்ண ஆபீஸர் வர்றாராம், காலிப் பெட்டிய என்ன பண்ண?

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
போன வருஷம் மானியத்துல 10 பெட்டி வாங்கி தென்னைக்கு நடுவுல வச்சேன். அடுத்த வாரம் ஆபீஸர் பாக்க வர்றாருன்னு போன் வந்துச்சு. 3 பெட்டி காலிங்க, ஈ ஓடிப்போச்சு, இன்னொண்ணுல புழு செத்துச் செத்துக் கெடக்கு. மானியத்த திருப்பிக் கேப்பாங்களா? காலிப் பெட்டிய பம்பு ரூம்ல ஒளிச்சு வச்சிரட்டுமா? தேனும் இல்ல காயும் கூடலன்னு வீட்டுல வேற தெனமும் பேச்சு.

மார்த்தாண்டம் ஈ:
ஒளிக்காதீங்க அண்ணா. எங்க பக்கம் வந்தவரு பெட்டிய எண்ணி, என்னைய பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்து, டீ குடிச்சிட்டு போயிட்டாரு, மூடிய தொடவே இல்ல. அதனால நீங்களே தெறந்து புழு அடைய காட்டுங்க. செத்த புழு தலைய மேல தூக்கிட்டு கெடக்கா? ஊசியால எடுத்தா தண்ணி கட்டின குட்டிப் பை மாதிரி வருதா? அப்படின்னா சாக் புரூட், புழுவுக்கு வர்ற வைரஸ் நோய். 1991-92ல தென்னிந்தியா பூரா அடுக்குத் தேனீய, அதான் நாம பெட்டில வளர்க்கற நாட்டு ஈய, வாரிட்டுப் போனது இதுதான், எங்கப்பா 60 பெட்டி வச்சிருந்தாரு, மிஞ்சினது நாலு. ஆன்டிபயாடிக் எவன் குடுத்தாலும் வாங்காதீங்க, வைரஸுக்கு அது கேக்காது. அந்த அடைய வேற பெட்டிக்கு மாத்தாதீங்க, ராணிய கொஞ்ச நாள் கூண்டுல அடைச்சு முட்டை விடாம வைங்க.

கிவி தோட்டம்:
நான் இருக்கறது நியூசிலாந்து. இங்க பெட்டிய பதிவு பண்ணியே ஆகணும், வருஷா வருஷம் தகுதி உள்ளவங்க பாத்து சர்டிபிகேட் குடுக்கணும். இங்க பயம் அமெரிக்கன் ஃபவுல்புரூட், அதுவும் புழு நோய்தான், ஆனா பாக்டீரியாவால வர்றது. செத்த புழுவுக்குள்ள தீக்குச்சிய விட்டு இழுத்தா காப்பி கலர்ல நூல் மாதிரி நீளும். நீண்டா 7 நாளுக்குள்ள பெட்டியோட எரிக்கணும், ராத்திரி ஈ எல்லாம் உள்ள வந்தப்புறம் குழி வெட்டி கொளுத்துவாங்க, பாக்கவே மனசு கேக்காது. ஆனா ஒருத்தன் பெட்டி கெட்டா ஊரு பூரா கெடும். கிவிப் பூவுல தேனே கெடையாது, ஆண் கொடி வேற பெண் கொடி வேற, ஈ இல்லாம காய் சரியாப் பிடிக்காது, அதனால தோட்டக்காரங்க வாடகை குடுத்து பெட்டி வாங்கி வைக்கறாங்க. நம்ம ஊர்ல தேன் எத்தன கிலோன்னு மட்டும்தான் கேப்பாங்க.

மார்த்தாண்டம் ஈ:
அது சரிதான். எங்களுக்கு தேனே ரப்பர் இலைக்காம்புல இருந்துதான் வருது, பூவுல இருந்து இல்ல, அதனால மகரந்தத்த யாரு நெனைக்கறா. ஆனா அண்ணா, உங்க நெட்டைத் தென்னைல ஒரு பாளைல ஆண் பூ உதிர்ந்தப்புறம்தான் பெண் பூ தயாராகும், வேற மரத்து மகரந்தத்த ஈயும் காத்தும்தான் கொண்டாரணும். ஒரு வருஷத்துல காய எண்ணிப் பாத்துட்டு முடிவு கட்டாதீங்க. பக்கத்துல யாராச்சும் காலைல, ஈ மேயற நேரத்துல, பூச்சி மருந்து அடிக்கறாங்களா? சாயங்காலம் அடிக்கச் சொல்லுங்க.

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
காலைல ஊசி விட்டுப் பாத்தேன் தம்பி, நீங்க சொன்ன மாதிரியே பையா வந்துச்சு. போட்டோ எடுத்து வச்சிருக்கேன், ஆபீஸருகிட்ட காட்டிடறேன். பக்கத்து தக்காளிக்காரன் காலைல 8 மணிக்குத்தான் அடிக்கறான், அவங்கிட்ட நான் பேசி ரெண்டு வருஷமாச்சு, வரப்புத் தகராறு. அந்த ராணிக் கூண்டு எங்க கெடைக்கும்?