பழைய வண்டி வாங்கியதும் முதலில் எதைப் பார்த்தீர்கள்?

சத்துவாச்சாரியிலிருந்து:

போன சித்திரையில் குடியாத்தத்தில் ஒரு வீட்டில் 1986 மாடல் புல்லட் 350 வாங்கினேன். காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மீட்டரில் 41 ஆயிரத்துச் சொச்சம். வீட்டுப் பெரியவர் ஓட்டியது, அவர் போன பிறகு தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டது என்றார்கள். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனதும் நான் மயங்கிவிட்டேன். நான் போகும் முன்பே இன்ஜினைச் சூடு பண்ணி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. விலை பேசும் முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, அது ஆறிய பிறகு உதையுங்கள்.

ஓட்டிக்கொண்டு வரும்போது லத்தேரி பக்கம் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பழக்க தோஷத்தில் வலது காலை அழுத்தினேன். கியர்தான் மாறியது, வண்டி நிற்கவில்லை. ஆடு தன் சமர்த்தால் பிழைத்தது.

காகிதப்பட்டறையில் ஒரு மெக்கானிக் பாய் எனக்குப் பழக்கம். அவர் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிக்கர் ரப்பரையும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரையும் கட்டைவிரலால் தடவினார். ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்து, உள்ளே இரும்பு எட்டிப் பார்த்தது. "தம்பி, 41 ஆயிரத்துக்கு ரப்பர் இப்படித் தேயாது. மீட்டர் ஒரு சுத்து சுத்தி வந்திருக்கு" என்றார். ஐந்து இலக்க மீட்டர்தானே, 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம்.

நான் பெயிண்டுக்கும் குரோமுக்கும் பணம் ஒதுக்கி வைத்திருந்தேன். "அதெல்லாம் கல்யாணத்துக்கு. முதல்ல வயித்தைப் பாப்போம்" என்று ஆயிலை வடித்தார். தார் மாதிரி இறங்கியது. ஃபில்டரைக் கழற்றினால், உள்ளே அழுக்கை வடிகட்ட இருக்க வேண்டிய ஃபெல்ட் துணி கருப்புக் கஞ்சியாகி விரலோடு வந்தது. புது ஃபில்டர், 20டபிள்யூ50 ஆயில். பிறகு வண்டியை ஐடிலில் விட்டு, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போகும் சின்ன ஆயில் குழாயின் இரண்டு பக்கப் போல்ட்டையும் லேசாகத் தளர்த்தினார். ஒரு பக்கம் ஆயில் கசிந்தது. இன்னொரு பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை. வால்வை அழுத்தும் ராக்கர் ஒன்றுக்கு ஆயில் போகாமலே நான் குடியாத்தத்திலிருந்து வந்திருக்கிறேன்! டாப்பெட் சத்தத்தை 'பழைய புல்லட்டின் கம்பீரம்' என்று வேறு ரசித்திருக்கிறேன். குழாயைக் கழற்றிக் காற்றடித்ததும் அடைப்பு போய்விட்டது.

இன்னொன்று. நாள்கணக்கில் நின்ற புல்லட்டில் ஆயில் மெதுவாகப் பம்ப் வழியாகக் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும். ஆயில் இல்லையென்று மேலே ஊற்றினால் புகையும், பிரீதர் என்ற மூச்சுக் குழாய் வழியாகக் கக்கும். கொஞ்சம் ஓட்டி நிறுத்திவிட்டு அளவு பாருங்கள். டாப்பெட் இடைவெளி வைப்பதற்கு நேர் எதிர், இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு விரலில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஸ்பார்க் விழ வைக்கும் சின்ன சுவிட்ச்சான பாயின்ட்டை அவர் வைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயின்ட்டுக்கு நடுவில் செருகி, லேசாக இழுத்துப் பிடித்தபடி இன்ஜினைச் சுற்றினார். தாள் விடுபடும் இடம்தான் ஸ்பார்க் விழும் இடம்.

பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பெட்ரோல் டியூப் எல்லாம் புதுசு. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் அந்தக் காலத்து ரப்பர் டியூப்பை நம்ப வேண்டாம்.

* * *

ராணிப்பேட்டையிலிருந்து:

உங்களுக்குச் சொட்டாவது வந்தது. என் கதை வேறு. யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 வண்டி. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு சேர வேண்டிய 2டி ஆயில் பக்கத்து டேங்கில் நிறைய இருந்ததால், பம்பே அதைச் சேர்த்துவிடும் என்று நிம்மதியாக வெறும் பெட்ரோல் போட்டேன். ரத்தினகிரி கிட்ட ஹைவேயில் திடீரென்று 'கீச்', பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. பிரித்துப் பார்த்தால், முன்பு வைத்திருந்தவர் ஆயில் பம்புக்குப் போகும் டியூப்பில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்திருக்கிறார். அவர் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டியவர். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாராம். ரீபோர் (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், இரண்டு வாரம் பஸ் பயணம்.

டூ ஸ்ட்ரோக் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஆயிலைக் கலந்து ஓட்டினீர்களா, பம்பு வேலை செய்கிறதா?" பதில் என்னவானாலும் பம்பு சோதித்து முடியும்வரை பெட்ரோலில் ஆயில் கலந்தே ஓட்டுங்கள். புகைதான் கூட வரும், பிஸ்டன் பிழைக்கும். அப்படியே கிராங்க் முனையில் இருக்கும் மேக்னட்டின் கவரைக் கழற்றி, மேக்னட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கிறது.

* * *

ஆரணி ரோடு, கணியம்பாடியிலிருந்து:

நான் டயரில் ஏமாந்தேன். ரோட்டைப் பிடிக்கும் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி நின்றது. ஓரத்தில் 2311 என்று நான்கு இலக்கம். 2011ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தமாம். நம்மூர் வெயிலில் பத்து வருடத்துக்கு மேல் வெந்த ரப்பர், பக்கவாட்டில் பாலாற்று மண் மாதிரி வெடிப்பு.

ஆர்சி புத்தகத்தில் முகவரி இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றுதான் இருக்கிறது. பெயர் மாற்றப் போகும் முன் வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். என்னுடையதில் மூன்று கோட்டிங் பெயிண்டுக்கு அடியில் இருந்தது.

* * *

சத்துவாச்சாரியிலிருந்து மறுபடி:

டயரை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் 0914. சனிக்கிழமை பாயிடம் போகிறேன். கிக்கர் ரப்பர் மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், மழையில் கால் வழுக்கினாலும்.