கலைச்சொல்: கடலடிப் படிவில் தங்கும் கரிமப்பொருள்

வணக்கம்.

கடலடிச் சேற்றிலும் மணலிலும் தங்கிவிடும் உயிரின எச்சத்தை (sedimentary organic matter) தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, 'கடலடி மட்கு' என்று நேற்று வந்த பரிந்துரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் தலைகீழாகிவிடுகிறது. மட்கு என்றால் மக்கிப்போனது. கண்டத்திட்டுச் சேற்றில் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) நாம் அளப்பதோ மக்காமல் தப்பியதை. உலகக் கடல் முழுவதையும் கணக்கில் கொண்டால், மிதவைப் பாசிகள் ஆக்குவதில் நூற்றில் ஒரு பங்குகூடப் புதைந்து நிலைப்பதில்லை. இறங்கும் வழியிலும் சேற்றின் மேற்பரப்பிலும் நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கிடந்ததும் களித்துகளில் ஒட்டிக்கொண்டதும்தான் மிச்சம்.

'வண்டல் கரிமம்' என்று வைத்தாலோ இரண்டு இடத்தில் இடிக்கிறது. வண்டல் என்றதும் ஆற்று வெள்ளம் விட்டுப்போகும் மண்தான் நினைவுக்கு வரும். கேரளத்துக்கு அப்பால் பாருங்கள்: கரையை ஒட்டிக் களிச்சேறு, வெளித்திட்டில் கிளிஞ்சல் கலந்த பழைய மணல். கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் வரை தாழ்ந்து கிடந்த காலத்தின் எச்சம் அது. அந்த மணலைப் போய் வண்டல் என்பதா? இரண்டுக்கும் பொருந்துவது படிவு. இலங்கையில் அடையல் என்பார்கள். எனக்கு அதுவே அழகு, ஆனால் இங்குள்ள மாணவருக்குப் புரியாது.

அடுத்தது கரிமம். கார்பனையே கரிமம் என்று எழுதுவோர் உண்டு. கரிமப்பொருளில் உள்ள கார்பனை, அதாவது கரிமக் கார்பனை (organic carbon), அவர்கள் என்னவென்பார்கள், 'கரிமக் கரிமம்' என்றா? சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மாதிரியை உலர்த்தி மூசையில் (சுடுகலம்) இட்டு 550 பாகை செல்சியஸில் சுட்டால், கருஞ்சாம்பல் சேறு பெரும்பாலும் செங்கல் நிறமாகி வெளிவரும். சுட்டதில் குறைந்துபோன எடையைக் கரிமப்பொருள் என்று கொள்கிறோம் (களியில் கட்டுண்ட நீரும் கொஞ்சம் சேர்ந்து போயிருக்கும்). கரிமக் கார்பனை அளக்கும்போது முதலில் அமிலம் விட்டு, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கிளிஞ்சல் சுண்ணாம்பைப் போக்க வேண்டும். கிடைக்கும் எண்ணும் வேறு. மண்ணியலார் பழைய வழக்கப்படி கார்பன் அளவை 1.724 ஆல் பெருக்கினால், 2 விழுக்காடு கார்பன் ஏறத்தாழ 3.4 விழுக்காடு கரிமப்பொருள் ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அட்டவணையில் எதைப் படிப்பது?

ஆகவே என் பரிந்துரை: படிவுக் கரிமப்பொருள். அதிலுள்ள கார்பனுக்குப் படிவுக் கரிமக் கார்பன். நீளம்தான், ஆனாலும் குழப்பமில்லை.

'சேதனப்பொருள்' இலங்கைப் பாடநூல்களில் வேரூன்றிய சொல். உணர்வுள்ளதைக் குறிக்கும் சேதனம் செத்த பாசிக்கு எப்படி வந்ததோ! இருக்கட்டும், இணைச்சொல்லாகப் பக்கத்திலேயே போடுவோம்.

எளிதில் சிதைவதற்கும் சிதைய மறுப்பதற்கும் இன்னும் சொல் அமையவில்லை. பின்னதற்குச் 'சிதைமறுப்பி' என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை, யாராவது கைகொடுங்கள்.