மகள் என்னிடம் வர மறுக்கிறாள், என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாக்களிடம்தான் இந்தக் கேள்வி. என் மகளுக்கு 3 வயது. எட்டு மாதமாக எனக்கு இரவு ஷிப்ட், நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள், அவள் விளையாடும் நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். நேற்று செருப்பு வாரை மாட்டிவிடக் குனிந்தேன், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு "நீ வேண்டாம், அம்மா போடட்டும்" என்றாள். சின்ன விஷயம்தான், ஆனால் நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வயதில் ஒருவரிடமே ஒட்டிக்கொள்வது சகஜம், சரி. குழந்தைகள் அப்பாவிடமும் பாசப்பிணைப்பு வைக்கிறார்கள் என்று 1970களிலேயே மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளர் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார், அதனால் இன்னும் கைமீறிப் போகவில்லை என்று நம்புகிறேன். பொம்மை வாங்கிக் கொடுத்துப் பார் என்கிறார் நண்பர். அது லஞ்சம் மாதிரி இருக்கிறது, எனக்குச் சரிப்படவில்லை.

மாலையில் குளிப்பாட்டுவதை முழுசாக நானே எடுத்துக்கொண்டால் மாறுமா? அழுதால் பொறுமையாகத் தொடர்வதா, இல்லை மனைவியிடம் கொடுத்துவிடுவதா? அப்புறம், ஷிப்டில் இருப்பவர்கள் எந்த நேரத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்கினீர்கள், எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.