வாடையில் ஊறிய கார்: விற்பதா, இரும்புக்குப் போடுவதா? திருகோணமலைப் பக்கத்து மூவரின் அனுபவம்

உவர்மலையிலிருந்து

மாமா காலமான பின் அவருடைய மொரிஸ் மைனர் வீட்டுப் பக்கத்துக் கொட்டிலிலேயே கிடந்தது. 1098 சி.சி. இயந்திரம், நான்கு கதவு, சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு. மாமி அதன்மேல் தறப்பாள் போட்டு நான்கு மூலையையும் இறுக்கிக் கட்டியிருந்தார். நம் ஊரில் பாதிக் கார்களைக் கொன்றது இந்தத் தறப்பாள்தான் என்பது என் கட்சி. அது மழையைத் தடுக்கும்; உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. மாரியில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காற்றோடு வரும் உப்பு தகட்டில் படிந்துவிட்டால், தென்மேற்குக் கச்சான் காற்று அடித்து மண்ணெல்லாம் வறண்டு கிடக்கும் ஆடியிலும் அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கதவைத் திறந்தால் பூஞ்சண மணம். கூரைத் துணி கிழிந்து தொங்கியது. கால் வைத்த இடத்தில் கார்ப்பெட்டுக்குக் கீழிருந்து தண்ணீர் கசிந்தது. கனடாவில் இருக்கும் மகன், "இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டார். மாமி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீயே பார்த்து முடிவு சொல். ஆனால் இரும்புக்கு என்று மட்டும் சொல்லிவிடாதே" என்றார். நடுவர் வேலை இப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி. இந்தக் காரின் எடை ஏறக்குறைய 750 கிலோ. கிலோக் கணக்கில் அவர் சொன்ன தொகைக்கு நான்கு நல்ல டயர்கூட வாங்க முடியாது. ஈரக் கார்ப்பெட்டையும் சேர்த்து நிறுக்கலாமே என்றேன், அவர் சிரிக்கவில்லை.

அயலவர்களுக்கோ இயந்திரத்தை உடனே இயக்கிப் பார்த்துவிட வேண்டும். ஒருவர் பற்றரியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் நின்ற இயந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, முன்பக்கக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதுதான் முறை. தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல் பிசினாகியிருக்கும். அதையும் முதலில் வெளியேற்ற வேண்டும். அப்படிச் செய்தபின் கைப்பிடிக்கு இயந்திரம் அசைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பாலையூற்றுப் பக்கமிருந்து வந்திருந்த டிங்கர் பாஸ், அதாவது தகட்டு வேலைக்காரர், மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் கார்ப்பெட்டை உருவி வெளியே போட்டார். அடியில் இருந்த சணல் மெத்தையைப் பிழிந்து காட்டினார். பிறகு ஒரு திருப்புளியை எடுத்துத் தரைத் தகட்டை அங்குலம் அங்குலமாகக் குத்திக்கொண்டு போனார். ஓட்டுநர் பக்கத்தில் திருப்புளி பிடிவரை இறங்கியது. "ஐயா, இதற்கு லொறிபோலத் தனிச் சட்டகம் கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும், முன்பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. இயந்திரத்தை நாளைக்கே வேறு ஒன்று வாங்கிப் போடலாம்" என்றார். பிரேக்கின் பிரதான சிலிண்டரும் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழேதான் இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு எண்ணெய் விடும் மூடியைத் தேடவே கார்ப்பெட்டைத் தூக்க வேண்டும். எத்தனை வாடை அந்த ஈரச் சணலுக்குக் கீழே கழிந்ததோ!

அவருடைய கணக்கில் முன்கால்கள் உறுதியாக இருந்தன; பெட்டித் தகட்டின் நுனிகளும் ஒரு பக்கத் தரையும் போய்விட்டன. அதாவது, மீட்கலாம், ஆனால் மீட்கும் செலவு விற்பனை விலையில் திரும்பி வராது. ஆகவே ஓட்டையை அடைக்காமல், பெயின்ட் பூசாமல், கார்ப்பெட் இல்லாமல் தரையைத் திறந்து காட்டி விற்பது என்று முடிவு செய்தோம். பூசி மறைத்த துருவை விடத் திறந்து காட்டிய துருவுக்கு நல்ல விலை வரும் என்று இன்றும் சொல்வேன். இந்தக் காரை வாங்குகிறவர் எப்படியும் தகட்டை வெட்டத்தான் போகிறார்.

நடுவில் ஒரு இளைஞர் வந்தார். அவருக்குக் கார் வேண்டாம். பதிவுப் புத்தகமும் இலக்கத் தகடும் போதுமாம். 1957இல் அந்த ஸ்ரீ எழுத்து வந்தபோது நம்மவர்கள் அதன்மேல் தார் பூசினார்கள். இப்போது அந்த எழுத்துக்காகவே ஆள் தேடி வருகிறது. ஒரு காரின் இலக்கத்தை இன்னொன்றுக்கு மாட்டினால் கேள்வி வருவது பதிவில் பெயர் உள்ளவரிடம். மாமி அந்த இளைஞருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். கடைசியில் வாங்கியவர் தம்பலகாமத்துக்காரர். ஏற்கனவே ஒரு மைனர் வைத்திருப்பவர். மாமாவின் பெயரிலிருந்து மாமியின் பெயருக்குப் பதிவை மாற்றி எடுத்த அலைச்சல் காரைத் தூக்கி லொறியில் ஏற்றிய அலைச்சலை விடப் பெரிது.

கிண்ணியாவிலிருந்து

உங்களுக்கு வாய்த்தது மழையும் உப்பும். எங்கள் வாப்பாவின் பெட்டி லான்சருக்கு, அதுதான் பெட்டிபோல இருக்கும் பழைய மிட்சுபிசி லான்சர், வாய்த்தது வெள்ளம். ஆசனம் வரை நின்ற சேற்று நீர். நாங்கள் அதை உடைத்துக் கொடுத்துவிட்டோம், வருத்தமும் இல்லை.

உண்மையில் அது அதற்கு முன்பே ஓடாத கார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்த புதிதில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. பொடியன்கள் காரை நிரப்பு நிலையம் வரை தள்ளிக்கொண்டு போவார்கள். வீட்டில் குழாய் வைத்து இழுத்து மோட்டார் சைக்கிளில் ஊற்றுவோம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வைத்திருந்தோம். பிறகு வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் என்பதால் நல்ல விலை வரும் என்று இன்னும் கொஞ்சம் வைத்திருந்தோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்ததும் அந்தக் கனவும் போயிற்று.

வெள்ளம் போன கார் வெளியே கழுவினால் பளபளக்கும். வயரிங் இணைப்புகளுக்குள் பச்சை பூத்திருக்கும், கதவின் உட்புறத்தில் சேறு காய்ந்து கிடக்கும். அதைத் துடைத்து ஒரு அப்பாவியின் தலையில் கட்ட வாப்பா சம்மதிக்கவில்லை. கியர் பெட்டி, கதவுகள், கண்ணாடிகள் தனித்தனியாகப் போயின, எஞ்சியது இரும்புக்கு. இதில் ஒன்றை விட்டுவிடாதீர்கள்: உடைத்தபின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை இரத்துச் செய்யுங்கள். விற்றாலும் அப்படித்தான், கைமாறிய 14 நாட்களுக்குள் அறிவித்துவிட வேண்டும். திகதியும் பெயரும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுப் படிவத்தைக் கொடுக்கும் வழக்கம் இங்கே நிறைய. வாங்கியவர் ஒன்றில் மாட்டினால் பொலிஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நிலாவெளியிலிருந்து

என்னிடமும் ஒரு பெட்டி லான்சர், தரை நனைந்தபடி. இரண்டு பேரும் சொல்லாத ஒன்று: தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வெளியே குழாயால் கீழிருந்து மேலாக நீர் அடித்தால் தெரிந்துவிடும். என்னுடையதில் முன் கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தது. கண்ணாடிக்குக் கீழே நீர் வடியும் வழியை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. கதவின் அடி விளிம்பில் இருக்கும் சிறு துவாரங்களையும் கம்பியால் குத்திவிடுங்கள்.

தரை இன்னும் திருப்புளிக்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே ரப்பரை மாற்றிவிட்டு ஒரு வாடை பார்க்கப் போகிறேன். உலர்ந்திருந்தால் நானே ஓட்டுவேன். வீட்டில் இதற்குச் சம்மதம் இல்லை, அது வேறு கதை. கிண்ணியா நானா, இடது பின்கதவுக் கண்ணாடி இன்னும் விற்காமல் இருந்தால் எனக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கிறேன்.