ஆட்டுக்கண்ணா, சிமுலேட்டரா? கண் அறுவை சிகிச்சையை எதில் பழகுவது?

கூடல்நகர்_பிஜி:
மதுரையில் கண் மருத்துவ மேற்படிப்பு படிக்கிறேன். எங்கள் துறைக்குச் சிமுலேட்டர், அதாவது திரையில் அறுவையைக் காட்டி, கைக்குத் தொடுவுணர்வும் தரும் பயிற்சி இயந்திரம், வாங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. வாங்கியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. புரை அறுவையில் லென்ஸை எடுக்க அதன் உறையை வட்டமாகக் கிழிக்க வேண்டும். நான் முதன்முதலாக அப்படிக் கிழித்தது ஒரு பாட்டியின் கண்ணில். வெங்காயச் சருகைவிட மெல்லிய உறை அது. வட்டமாக வர வேண்டிய கிழிசல் ஓரத்துக்கு ஓடிவிட்டது. பேராசிரியர் கருவியை வாங்கிச் சரிசெய்தார், பாட்டிக்குப் பார்வையும் வந்தது. ஆனாலும் நான் பழகியது அவர் கண்ணில்தானே? அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தெப்பக்குளம்_சர்ஜன்:
தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து இயந்திரம் இல்லை. நாங்கள் விடியற்காலையில் நெல்பேட்டைக் கறிக்கடையில் ஆட்டுக்கண் வாங்கி, ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுவந்து, தெர்மோகோலில் குழி தோண்டிப் பதித்துப் பழகியவர்கள். புரையை வெளியே எடுக்க வெள்ளை விழியில் சுரங்கம் போல வழி வெட்டும்போது கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் விரலுக்கு உடனே தெரியும். சிமுலேட்டரில் மோட்டார் ஒரு கணக்கைப் போட்டுக் கையை எதிர்த்துத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் நல்ல நுண்ணோக்கி வாங்குங்கள்.

கூடல்நகர்_பிஜி:
ஐயா, சுரங்கத்துக்கு ஆட்டுக்கண் சரி. ஆனால் அதன் லென்ஸ் உறை தடிமன், ரப்பர் மாதிரி இழுபடும். அதில் பழகின கை மனிதக் கண்ணில் அதிகமாக இழுத்துவிடுகிறது. எனக்கு நடந்ததும் அதுதான்.

பழங்காநத்தம்_பயோமெடிக்கல்:
நான் கருவிகளைப் பழுது பார்ப்பவன். சிமுலேட்டர் திரையைப் பார்க்கும் கண்ணுக்கு நொடிக்கு அறுபது படம் போதும். கைக்கு அப்படி இல்லை, விசையை நொடிக்குச் சுமார் 1000 தடவை கணக்கிட்டுத் தர வேண்டும். வேகம் குறைந்தால் கெட்டியான எலும்புகூடக் களிமண் போல அமுங்கும், இல்லாவிட்டால் பிடி நடுங்கும். வாங்குவதற்கு முன் இதைக் கையில் பிடித்துப் பாருங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் வாங்கி, உறை போட்டு மூடிக் கிடக்கும் இயந்திரங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. 2002-ல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் 16 பயிற்சி மருத்துவர்கள் பித்தப்பை அறுவை செய்தார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள், தவறுகளும் குறைவு. ஆனால் அந்த இயந்திரத்தில் தொடுவுணர்வே கிடையாது! கவனிக்க வேண்டியது பழக்கிய விதம்: அனுபவசாலிகள் எட்டிய அளவைத் தொடும்வரை விடாமல் பழக வைத்தார்கள்.

தெப்பக்குளம்_சர்ஜன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். இத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று நோட்டில் கையெழுத்து வாங்குவது பயிற்சி இல்லை. கை தேறியதா என்று பார்க்க வேண்டும். அதற்கு வாத்தியாருக்கு நேரம் வேண்டும். காலை ஓபியில் இருநூறு பேர் நின்றால் யார் போய் உட்காருவது?

மேலூர்_மகன்:
நடுவில் பேசுவதற்கு மன்னியுங்கள். என் அம்மாவுக்கு அடுத்த மாதம் புரை அறுவை. ஆட்டுக்கண்ணோ இயந்திரமோ, அம்மா கண்ணைத் தொடுகிறவர் அதற்கு முன் எங்கேயாவது தப்பு செய்து திருத்தியிருக்க வேண்டும். நாங்கள் கேட்பது அது ஒன்றுதான்.

கூடல்நகர்_பிஜி:
அண்ணே, நீங்கள் சொன்னதைத் துறைக் கூட்டத்தில் அப்படியே சொல்கிறேன். ஐயா, சுரங்கத்துக்கு ஆட்டுக்கண், உறை கிழிக்க சிமுலேட்டர், இரண்டிலும் தேறினால்தான் நோயாளி என்று எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

தெப்பக்குளம்_சர்ஜன்:
தேறினார் என்று கையெழுத்துப் போடுவது வாத்தியாராக இருந்தால் சரி, இயந்திரம் காட்டும் மார்க்கை வைத்து வேண்டாம். சனிக்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை. ஆட்டுக்கண் வாங்கி வையுங்கள், வருகிறேன்.